ஒரு கட்டி கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்தாதீர்கள்

பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அந்த ஒரு கட்டிதான் பேச்சு. எப்போது ஆபரேஷன், எந்த நிலை, பரவிவிட்டதா? இந்தப் பதற்றத்தில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது: குடலில் வேறெங்காவது இன்னொரு கட்டி இருக்கிறதா? பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய 100-க்கு 3 முதல் 5 பேருக்கு ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிப் புற்றுகள் இருக்கின்றன. அரிதுதான். ஆனால் தேடாவிட்டால் தெரியாது.

பெரிய தவறு, பாதியில் நின்ற கொலோனோஸ்கோப்பியை (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) முழுப் பரிசோதனையாக எடுத்துக்கொள்வது. பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். இடப்பக்கக் கட்டி வழியை அடைத்திருந்தால் குழாய் மேலே போகாது. வலப்பக்கம் முழுக்கப் பார்க்கப்படாமல் கிடக்கும். ரிப்போர்ட்டில் ‘கட்டியைத் தாண்டிச் செல்ல முடியவில்லை’ என்று ஒரு வரி இருக்கும். பலரும் முடிவை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனார்களா, குடல் நன்றாகச் சுத்தமாகியிருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆபரேஷனுக்கு முன்பே சி.டி. கொலோனோகிராஃபி (பெருங்குடலின் உட்புறத்தைக் காட்டும் தனி சி.டி. ஸ்கேன்) எடுக்கலாமா என்று கேளுங்கள். அதற்கும் வழியில்லையா, சரி, ஆபரேஷன் முடிந்து 3 முதல் 6 மாதத்துக்குள் மிச்சக் குடலைப் பார்த்தே ஆகவேண்டும். வழக்கமான வயிற்று ஸ்கேன் இதற்கு ஈடாகாது, சின்னக் கட்டிகள் அதில் தப்பிவிடும்.

அடுத்தது, இரண்டாவது கட்டி என்றாலே ‘பரவிவிட்டது’ என்று மனம் உடைந்துபோவது. தனித்தனியாக உண்டான இரண்டும், ஒன்றிலிருந்து பரவிய மற்றொன்றும் வேறு வேறு. இதைப் பிரித்தறிய வாரன், கேட்ஸ் என்ற இருவர் 1932-லேயே வரையறை வகுத்தார்கள்: இரண்டும் புற்றாக இருக்கவேண்டும், தனித்து நிற்கவேண்டும், ஒன்று மற்றதிலிருந்து பரவியதாக இருக்கக்கூடாது. இன்னும் அரிதாக, ஒன்று சாதாரணக் குடல் புற்றாகவும் மற்றது லிம்ஃபோமாவாகவும் (நிணநீர் செல்களில் வரும் புற்று) இருக்கும். பக்கத்தில் வீங்கிய நிணநீர் முடிச்சுகூட அந்த லிம்ஃபோமாவுடையதாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்தே வேறு. அதனால் ஒவ்வொரு கட்டிக்கும் தனி பயாப்ஸி (துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டும்.

அப்புறம், குடும்ப வரலாற்றைச் சொல்லாமல் விடுவது. அம்மாவுக்குக் கருப்பைப் புற்று, சித்தப்பாவுக்கு 45 வயதில் குடல் புற்று என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குடல், கருப்பைப் புற்றுகளுக்கு வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறான லிஞ்ச் சிண்ட்ரோம் இருந்தால் எவ்வளவு குடலை எடுப்பது என்ற முடிவே மாறக்கூடும். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை (குடல் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளப்பது) நார்மல் என்பதற்காக ஓராண்டு கழித்துச் செய்யவேண்டிய கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள். புதிதாக முளைக்கும் கட்டி அந்த ரத்தப் பரிசோதனையில் தெரியாமலே இருக்கலாம்.