மாலை மாற்றியதும் பதிவு செய்துவிடுங்கள்

அப்பா இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். "கல்யாணம் ஆனதுக்கு ஆதாரம் இருக்கா?" என்றார்கள். அம்மா மஞ்சள் பையிலிருந்து எடுத்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மாலையோடு இருவர், பின்னால் ஒலிபெருக்கி, பூச்சி அரித்த ஓரம். 1971இல் நடந்த சுயமரியாதைத் திருமணம் அது. செல்லும் என்று புரியவைக்க ஏழு மாதம் அலைந்தோம்.

கல்யாணத்தை எப்படி நடத்துவது என்பது உங்கள் விருப்பம். அண்ணா ஆட்சியில், 1967இல், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி புரோகிதர் தேவையில்லை. உறவினர், நண்பர் என்று யாராவது முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக உங்களுக்குப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். அந்த 'அல்லது' எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஊரைக் கூட்ட வேண்டியதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகிவிட்டதா, இருவருக்கும் சம்மதமா, வேறு துணை இருக்கிறாரா, தடையுள்ள உறவா என்று அரசு பார்க்கட்டும். அப்புறம் எழுதி வைக்கட்டும்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி கல்யாணம் ஆன 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். விட்டால் அடுத்த 60 நாளில் கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். சார்பதிவாளர் அலுவலகம் போவதற்கு முந்தின வாரமே இருவரின் ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருக்கும். அங்கே போய் நின்ற பிறகு அது தெரிந்தால் அன்றைய நாள் போச்சு. அழைப்பிதழ், படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். சான்றிதழின் அசல் பெண்ணிடம் இருப்பது நல்லது.

இருவரும் வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் பொதுவான வழி. ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். கொடுக்கும் அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி, 30 நாள் ஆட்சேபணைக்குக் காத்திருப்பார்கள். விரும்பி வரும் இருவரின் பெயரையும் விலாசத்தையும் சுவரில் ஒட்டுவது அரசின் வேலையே இல்லை. மிரட்டல் வரும் என்று தோன்றினால், அறிவிப்பு கொடுக்கும் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். பிறகு மூன்று சாட்சிகளோடு போங்கள். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.