பனிச்சாலை டயர்களைச் சோதிப்போர் செய்யும் தவறுகள்

சென்ற குளிர்காலத்தில், உறைந்த ஏரி ஒன்றின் மீது புதியவர்கள் இருவர் காலை முழுவதும் ஒரு டயரையும் மதியம் முழுவதும் மற்றொன்றையும் ஓட்டி முடித்து, எது சிறந்தது என்று உறுதியாக எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அறிக்கையும் அப்படிப்பட்டதே.

பனிக்கட்டி மாறாது என்று நம்புதல்

அந்த அறிக்கைக்காக நான் சோதித்த நாளில் காலை வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி. மதியம் மைனஸ் 2. உருகுநிலையை நெருங்கும் பனிக்கட்டி, கடுங்குளிரில் இறுகியதைவிட மிகவும் வழுக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நிற்க, உராய்வுக் குணகம் (தரையில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பின் அளவு) 0.1 என்றால் சுமார் 35 மீட்டர் தேவை, அது 0.05 ஆகக் குறைந்தால் 71 மீட்டர். டயரை மாற்றாமலேயே தூரம் இப்படி இரட்டிப்பாகலாம் என்பதை எண்ணாமல், காலையில் ஓடிய டயரை நான் வெற்றியாளர் என்று அறிவித்தேன். அதை நம்பி வாங்கப்பட்ட டயர்கள் ஒரு பருவம் முழுவதும் ஓட்டுநர்களை வாட்டின. போதாக்குறைக்கு, ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் பிரேக் போட்டால் பனிக்கட்டி கண்ணாடியாக மெருகேறிவிடுகிறது. ஆகவே முதலில் ஒப்பீட்டு டயர் (மற்றவற்றை ஒப்பிட அளவுகோலாக வைத்துக்கொள்ளும் டயர்), பின்னர் சோதனை டயர்கள், முடிவில் மீண்டும் அதே ஒப்பீட்டு டயர் என்ற வரிசையில் ஓட்டி, மீட்டரை அல்ல, ஒப்பீட்டு டயரோடு உள்ள விகிதத்தைக் குறிக்க வேண்டும். டயர்களுக்கான ஐ.நா.வின் 117ஆம் ஒழுங்குவிதியும் வெண்பனிப் (பொழிந்து கிடக்கும் பனி) பிடிப்பை ஒப்பீட்டு டயருக்கு எதிரான குறியீட்டெண்ணாகவே கேட்கிறது. இதற்காகும் கூடுதல் நேரத்தை வீண் என்று சொல்பவர்களிடம் எனக்கு இன்றும் பொறுமை இல்லை.

மலைச் சின்னத்தைப் பனிக்கட்டிக்கும் பொருத்துதல்

டயரின் பக்கவாட்டில் மும்முகட்டு மலைக்குள் பனித்துகளை வரைந்திருக்கும் சின்னம், இறுகிய வெண்பனியில் செய்த சோதனைக்கு உரியது. பனிக்கட்டிப் பிடிப்பை அது சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரையில் 2021 மே முதல் பனிக்கட்டிப் பிடிப்புக்கெனத் தனிச் சின்னம் உள்ளது.

கொட்டகைக்குள் காற்றழுத்தம் பார்த்தல்

வெளியே, டயர் குளிர்ந்த பின் பாருங்கள்; 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழ 0.1 பார் போய்விடும்.

முழுதாக நிற்கும் வரை அளத்தல்

பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் மிகக் குறைந்த வேகத்தில் ஒரே சீராக இயங்காது என்பதால், மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 5 வரை என இரு வேகங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கோடு முடித்துக்கொள்ளுதல்

வளைவிலும் ஓட்டிப் பாருங்கள். நேர்கோட்டில் நன்றாக நின்ற டயர் அங்கே வெளிப்புறம் வழுக்கிச் செல்லலாம்.