டிஷியன் ஓவியத்தின் பிரதியை வீட்டில் மாட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘பாக்கஸும் அரியாட்னேயும்’ என்ற ஓவியத்தை வெனிஸ் ஓவியர் டிஷியன் 1520க்கும் 1523க்கும் இடையில் தீட்டினார். இன்று அது லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளது. கிரேக்கப் புராண வீரன் தீசியஸ் நாக்சோஸ் தீவில் கைவிட்டுச் சென்ற இளவரசி அரியாட்னேயைக் கண்டதும், சிவிங்கிப்புலிகள் பூட்டிய தேரிலிருந்து மதுக் கடவுளான பாக்கஸ் பாயும் கணம் அது. இதன் பிரதியை வாங்குவோர் செய்யும் பெருந்தவறு, ஃபிரேமை முதலில் முடிவு செய்துவிட்டுப் படத்தை அதற்குள் அடக்கப் பார்ப்பதுதான்.

மூல ஓவியம் 176.5 செ.மீ. உயரமும் 191 செ.மீ. அகலமும் கொண்டது, ஏறக்குறையச் சதுரம். தயாராகக் கிடைக்கும் 24க்கு 36 அங்குல ஃபிரேமில் அதைக் கிடையாகப் பொருத்தினால், உயரத்தில் கால் பங்குக்கு மேல் வெட்டுப்படும். மேற்புறத்தை வெட்டினால், இடது மூலையில் வட்டமாக மின்னும் நட்சத்திரங்கள் போய்விடும். அரியாட்னேயின் மணிமுடி விண்மீன்களான கதையை அவையே சொல்கின்றன. கீழ்ப்புறத்தை வெட்டினால், மஞ்சள் துணிமீது கிடக்கும் கலயமும் அதில் டிஷியன் பொறித்த தம் பெயரும் போகும். ஃபிரேமை நெடுக்காக நிறுத்தினாலோ, இடது ஓரத்துத் தொடுவானில் விலகிச் செல்லும் தீசியஸின் சிறு கப்பல் மறையும். நான் முதலில் வாங்கிய பிரதியில் அந்தக் கப்பல் இல்லை. அரியாட்னே யாரை நோக்கிக் கை நீட்டுகிறாள் என்பது விளங்காமலே நெடுநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய ஓவியம் பழுப்பேறித்தான் இருக்கும் என்றெண்ணி மஞ்சள் சாயல் படிந்த பிரதியைத் தேர்வதும் தவறு. அந்தப் பழுப்பு டிஷியன் தீட்டியதன்று, காலப்போக்கில் நிறம் மாறிய வார்னிஷ் தந்தது. 1960களின் இறுதியில் அதை நீக்கிய பிறகே, லாபிஸ் லாசுலி என்னும் கல்லை அரைத்து உண்டாக்கிய நீலம் வானத்திலும் அரியாட்னேயின் ஆடையிலும் முழுமையாகத் தெரிந்தது.

60 செ.மீ. உயரப் பிரதிக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் ஏறத்தாழ 7,100 பிக்சல் உயரமுள்ள படக்கோப்பு வேண்டும். அதைவிட மிகச் சிறிய கோப்பைப் பெரிதாக்கினால் முகங்கள் குழம்பிவிடும். கேன்வாஸில் அச்சிடுவதானால், மரச்சட்டத்தின் பக்கங்களில் ஓவியத்தையே மடிக்காமல், மடிப்பதற்கென வெற்று ஓரம் விடச் சொல்லுங்கள். தாளில் அச்சிட்டால், கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் அமிலமற்ற அட்டை வைக்க வேண்டும்; நேர் வெயில் விழும் சுவர் எந்த அச்சுக்கும் ஆகாது. முழு அளவில் அச்சிடுமுன் இடது ஓரத்தை மட்டும் ஒரு துண்டாக அச்சிட்டு வாங்கிப் பாருங்கள். நட்சத்திரங்களும் கப்பலும் தெளிவாகத் தெரிந்தால் மேற்கொண்டு பணம் கொடுக்கலாம்.