மங்கலான சால்டர் இணைப்பு பழுதல்ல

மின்னணு உறுப்புகளைச் சுற்றுப் பலகையோடு இணைக்க உருக்கும் உலோகக் கலவையான சால்டரில் ஈயமில்லா வகைக்கு மாறிய புதிதில் எங்கள் ஆய்வு மேசையில் நல்ல பலகைகளே ஏராளமாக நிராகரிக்கப்பட்டன. 183 டிகிரி செல்சியஸில் உருகும் பழைய வெள்ளீய–ஈயக் கலவை உறைந்தபின் பளபளக்கும், 96.5 சதவீதம் வெள்ளீயமும் 3 சதவீதம் வெள்ளியும் 0.5 சதவீதம் செம்பும் சேர்ந்த ஈயமில்லாக் கலவையான எஸ்ஏசி305 ஏறத்தாழ 217 டிகிரியில் உருகத் தொடங்கி, ஆறும்போது இயல்பாகவே மங்கிச் சொரசொரப்பாக உறையும். ஆய்வாளர்கள் அதைச் சூடு போதாத இணைப்பு என்று கருதி மறுபடி சூடேற்றியதில், பழுதே இல்லாத இடத்தில் உறுப்புகள் இணையும் செம்புத் திட்டுகள் பலகையிலிருந்து பெயர்ந்து வந்தன. என்னை மிகவும் வருத்தியது இதுதான். மின்னணுப் பலகைகளை ஏற்பதா என்று சொல்லும் ஐபிசி-ஏ-610 தரநிலையும் மங்கலை மட்டுமே குறையாகக் கொள்வதில்லை. ஆகவே பளபளப்பைத் தேடாமல், உருப்பெருக்கியில் சால்டரின் விளிம்பு உறுப்பின் காலோடும் திட்டோடும் மெல்லிய சரிவாகப் படிந்திருக்கிறதா, ஒட்டாமல் உருண்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லி, இரு வகைக்கும் மாதிரிப் பலகைகளை மேசையிலேயே வைத்தேன். வீண் நிராகரிப்பு வெகுவாகக் குறைந்தது. அடிப்பரப்பில் சால்டர் உருண்டைகளால் இணையும் பிஜிஏ சில்லுகளின் அடியில் மறைந்திருக்கும் இணைப்புகளை மட்டும் எக்ஸ்-ரேயில் பார்க்கிறோம்.