பழைய ராபின் படம்: அசலா, மறுபதிப்பா என்று பார்ப்பதும் சட்டம் (ஃப்ரேம்) போடுவதும்

வால்பாறை எஸ்டேட் பங்களாச் சாமான்களோடு இறங்கியதோ, உக்கடம் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததோ, ராபின் போன்ற பிரிட்டிஷ் பாடும்பறவையின் பழைய அச்சுப் படம் கைக்கு வந்தால் அடியில் அச்சிட்ட பெயரை நம்பி விலை பேசாதீர்கள். நகைப் பட்டறையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். பறவையின் கண்ணையும் மார்பையும் முதலில் பாருங்கள்.

கறுப்பில் வெள்ளைக் கோடுகளாக இறகு வெட்டப்பட்டிருந்தால் மரச்செதுக்கு, அதாவது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது. ஆங்கிலேயச் செதுக்கு ஓவியர் தாமஸ் பியூவிக் 1797இல் வெளியிட்ட நிலப்பறவைத் தொகுதி இந்த வகை. கோடு சொரசொரப்பாக இருந்து, நிறம் புள்ளியே இல்லாமல் பரவி அங்கங்கே கோட்டைத் தாண்டியிருந்தால், கையால் வண்ணமிட்ட கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிட்டது (லித்தோகிராஃப்). தாளைச் சாய்த்துப் பிடித்தால், பிசின் தடவிய கண் பெரும்பாலும் தனியாக மினுங்கும். பறவை நூல் வெளியீட்டாளர் ஜான் கூல்டு 1862 முதல் 1873 வரை வெளியிட்ட பிரிட்டன் பறவை நூலின் 367 படங்களும் கல்லச்சுதான். தாள் சுமார் 55 செ.மீ. உயரம்; ஏ4 அளவில் ‘கூல்டு அசல்’ என்று தந்தால் வாங்க வேண்டாம்.

நிறமே ஒழுங்கற்ற புள்ளிகளாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் வண்ணக் கல்லச்சு. புள்ளிகள் வரிசை பிசகாமல் இருந்தால் ஹாஃப்டோன், அதாவது படத்தைப் புகைப்பட முறையில் புள்ளிகளாக்கி அச்சிட்டது. உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், பறவை ஓவியர் ஆர்ச்சிபால்டு தோர்பர்னின் 1915–16 தொகுதிகளே அப்படி அச்சானவைதான். கள்ளநோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சை இருட்டில் அடியுங்கள். தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அது 1950க்குப் பிந்தைய தாள்.

ஃப்ரேம் கடையில் கொடுத்தால் முழுத் தாளையும் அட்டையில் ஒட்டிவிடுவார்கள். பிறகு பிரிக்க வழியில்லை. மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டால் தொங்கவிடச் சொல்லுங்கள். பசைக்கு ஒரு பங்கு கோதுமை ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர். கண்ணாடிபோல் தெளியும்வரை கிண்டிக் காய்ச்ச வேண்டும். மைதா வேண்டாம், வெள்ளிப்பூச்சி வரும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே வைக்கும் அமிலமற்ற அட்டை (மவுண்ட் போர்டு) 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, படம் கண்ணாடியைத் தொடவே கூடாது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும் ஆனி, ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் சட்டத்தை மூடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மாசி, பங்குனிதான் தோது. சாரல் அடிக்கும் மேற்குச் சுவரை விட்டு உள்சுவரில், பின்னால் கார்க் துண்டு வைத்துக் காற்றுக்கு இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

பழுப்புப் புள்ளிகளை பிளீச்சால் போக்க முயல வேண்டாம். கையால் இட்ட நிறம் தண்ணீர் பட்டாலே கரையும். வழவழப்பான ஹாஃப்டோன் தாள்கள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காயும் முன்பே பிரித்துவிடுங்கள்.