கரகோஷத்தைத் தட்ட முடியாது: புதிய அறிவிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் மேடைக்குப் பஞ்சமில்லை. தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, பொங்கல் விழா, கோயில் திருவிழாக் கலைநிகழ்ச்சி என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். புதிதாக மைக் பிடிக்கும் பிள்ளைகளுக்குக் குரலும் உண்டு, தைரியமும் உண்டு. பாராட்டுச் சொல்லில்தான் இடறுகிறார்கள். பதற்றமும் பெயர்க் குழப்பமும் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை யாராவது எடுத்துச் சொன்னால்தான் திருந்தும்.

"கரகோஷம் தட்டுங்கள்"

எத்தனை முறை கேட்டாலும் காதில் உறுத்தும் தவறு இது. கரம் என்றால் கை, கோஷம் என்றால் முழக்கம், இரண்டும் வடசொற்கள். ஆக, கரகோஷம் என்பது கைகளிலிருந்து எழும் ஓசை. கையைத் தட்டலாம், ஓசையை எப்படித் தட்டுவது? கரகோஷம் எழும், அரங்கை அதிரவைக்கும், அடங்கும். கூட்டம் அதை எழுப்பும். தட்டுவது, போடுவது, கொடுப்பது எதுவும் அதோடு ஒட்டாது.

'கொடுங்கள்' என்பது இருமொழி அறிவிப்பில் எளிதாகத் தொற்றிக்கொள்ளும். மலாய் மொழியில் 'பெரிக்கான் தெப்புக்கான் கெமுரு' (பலத்த கைதட்டல் கொடுங்கள்) என்பது சரி. தெப்புக்கான் என்றால் கைதட்டல். அதைக் கொடுக்கச் சொல்வது அந்த மொழியின் வழக்கு. அதே வாயோடு தமிழுக்குத் திரும்பி "கரகோஷம் கொடுங்கள்" என்றால் சொல் நொண்டுகிறது.

முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கவனியுங்கள். "பலத்த கரகோஷம் தட்டுங்கள்" என்றால் பின்னால் திரும்பி அம்மா முகத்தைப் பார்ப்பார்கள். "எல்லாரும் கைதட்டுங்க" என்றால் அடுத்த நொடியே தட்டுவார்கள். கூட்டத்தைக் கேட்கும்போது 'கைதட்டுங்கள்' என்று சொல்லுங்கள். நடந்ததைச் செய்தியாக எழுதும்போது 'கரகோஷம் எழுந்தது' என்று எழுதுங்கள்.

'கரகோஷ ஒலி', 'கரகோஷ முழக்கம்' இரண்டிலும் ஒரே பொருள் இரண்டு முறை வருகிறது. கோஷம் என்றதும் ஊர்வலத்தில் கத்தும் வாசகம்தான் இன்று நினைவுக்கு வருகிறது. முழக்கம் என்ற பொருள் மங்கியதால் வந்த வினை.

கரகோசம்

ஷ வேண்டாம் என்று ச போடுவது அரைகுறை வேலை. வருஷம் வருடமாகும், வேஷம் வேடமாகும். அந்த மரபிலும் இது சேராது. கிரந்தம் வேண்டாம் என்றால் 'கரவொலி' இருக்கிறது. கரம் + ஒலி சேரும்போது ம் கெட்டு வ் தோன்றும். 'கரஒலி' என்று பதாகையில் அச்சடித்துவிட்டால் மறுபடி பணம் கட்ட வேண்டியதுதான்.

ஆர்ப்பாட்டம்

அது மறியல்காரர்களுக்கு. மகிழ்ச்சிக்கு ஆரவாரம்.

சபாஷ்

சபையிலிருந்து பிறந்த சொல் அல்ல. பாரசீகத்தின் 'ஷாத் பாஷ்', அதாவது 'மகிழ்ந்திரு' என்ற வாழ்த்து, இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. ஆடி முடித்த சிறுமிக்குச் சொன்னால் அழகு. உரையாற்றி இறங்கும் தலைமையாசிரியருக்குச் சொன்னால் மரியாதைக் குறைவு.

ஏகோபித்த

ஒருமனதான என்று பொருள். பலத்த என்று அல்ல.