பாமினி இல்லாத லினக்ஸ்

கிளிநொச்சியில் என் பழைய லப்டொப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்ட அன்றே அக்கா பென்ட்ரைவோடு வந்தா. மருமகளின் பயிற்சித் தாளை பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை.

"உன்ர லினக்ஸ் எல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டுது" என்றா.

கோப்பில் ஒரு பழுதும் இல்லை. அது பாமினியில் தட்டியது. பாமினி யூனிகோட் அல்ல; யூனிகோட் என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற பொது முறை. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் அடியில் கிடக்கிற ஆங்கிலம்தான் தெரியும். இதுவரை பார்த்த விண்டோஸ் கணினிகளிலெல்லாம் பாமினி முன்கூட்டியே இருந்ததால் எனக்கு இது உறைக்கவே இல்லை.

மச்சானின் கணினியிலிருந்து பாமினி கோப்பை எடுத்துவந்து, இரண்டு முறை கிளிக் பண்ணி, இன்ஸ்டால் கொடுத்தேன். அப்பவும் அதே குப்பை! அரைமணி நேரம் மண்டையைச் சொறிந்த பிறகுதான் தாளைத் திறந்து வைத்திருந்த லிப்ரே ஆபிஸ் செயலியை ஒருதரம் மூடித் திறக்க வேண்டும் என்று விளங்கியது. சரி, வந்துவிட்டது.

நான் புதிதாக எழுதுவதை இப்போது யூனிகோடிலேயே எழுதுகிறேன். அக்காவுக்கு அந்தக் கதையெல்லாம் தேவையில்லை. தாள் அச்சானதும் பென்ட்ரைவைப் பிடுங்கிக்கொண்டு போயிட்டா.